கிகாலியில் ஒரு பெண்ணைப் படிக்கவைக்க நினைப்பவருக்கு

"நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ருவாண்டாவில் இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் ஒரு பெண்ணின் படிப்புச் செலவை ஏற்கலாம் என்றிருக்கிறோம். இளம் ஆப்பிரிக்கப் பெண்களுக்குத் தலைமைப் பண்பும் வேலைத்திறனும் கற்றுத்தருவதாகக் கல்லூரிக் கையேடு சொல்கிறது. தலைமைப் பண்பையெல்லாம் வகுப்பில் சொல்லித்தர முடியுமா? பெண்களுக்கென்று தனிக் கல்லூரி எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கொடுப்பதில் உங்களுக்குத் தயக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா என்றுதான் கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். மாறுகிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் மாறுகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கல்லூரிகளில் நம் ஊர் ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. கும்பகோணத்தில் படித்துவிட்டு, கிகாலியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆறு ஆண்டுகள் கணக்குப் பதிவியல் நடத்தினேன். முதலாமாண்டு மாணவிகள் என் பொறுப்பில் இருந்தார்கள். அதனால் கிகாலியைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. மற்ற நாடுகளைப் பற்றி நான் கீழே சொல்பவை படித்தும், உடன் வேலை பார்த்தவர்களிடம் கேட்டும் அறிந்தவை. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நாட்டின் பின்னணி. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறத்தாழ 100 நாட்களில், ருவாண்டாவில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அந்நாட்டு அரசின் கணக்கு பத்து லட்சத்தையும் தாண்டும். எஞ்சியவர்களில் பெண்களே பெரும்பான்மை. அவர்கள் உழுத நிலம் அவர்கள் பெயரில் இல்லை, ஏனென்றால் வழக்கப்படி நிலம் மகனுக்குத்தான் போகும். கணவனும் அண்ணன் தம்பியும் இல்லாத வீட்டில் இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் 1999-இல் மகளுக்கும் சம சொத்துரிமை தரும் சட்டம் வந்தது. 2003 அரசியலமைப்பு, முடிவெடுக்கும் அமைப்புகள் எல்லாவற்றிலும் பெண்கள் குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும் என்றது. 2008 தேர்தலில் நாடாளுமன்றத்தின் கீழவையில் 56 விழுக்காட்டினர் பெண்கள். உலகில் வேறெந்த நாட்டிலும் அதுவரை பெண்கள் பெரும்பான்மை பெற்றதில்லை. 2013-இல் அது 64 விழுக்காட்டை நெருங்கியது. இவையெல்லாம் பதிவான உண்மைகள், சந்தேகப்பட இடமில்லை.

இந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அந்த நாட்டுப் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சியே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். அங்கே ஒரு பழமொழி உண்டு: சேவல் இருக்கும் இடத்தில் பெட்டைக்கோழி கூவாது. உடன் வேலை பார்த்த ருவாண்டா ஆசிரியை இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். இவ்வளவு தூரம் தள்ளி, நம் மொழியோடு எந்தத் தொடர்பும் இல்லாத மலைநாட்டில், அதே கோழி. சட்டம் ஐந்து ஆண்டில் மாறிவிடும். அடுப்படியில் சொல்லப்படும் இந்த வார்த்தை அத்தனை சீக்கிரம் மாறாது. கல்லூரியில் முதல் நாள் வந்து உட்காரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் வருகிறாள்.

முதல் வகுப்பில் பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, மேசைக் காலைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். இரண்டு முறை கேட்டும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் எழுந்து அவளுக்காகச் சொன்னாள். பிறகு தாளைக் கொடுக்க வந்தபோது வலக்கையை நீட்டி, இடக்கையால் வலது முன்கையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பெரியவர்களிடம் காட்டும் மரியாதை அது. அவள் குனிந்த தலையில் பயம் பாதி, வளர்ப்பு பாதி. இதில் வளர்ப்பை உடைக்க எனக்கு உரிமை கிடையாது. வீட்டில் பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துகிறவள், நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசவும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் ஒரே பெண்ணால் முடியும்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். முதல் மாதம் கரும்பலகையில் டிரயல் பேலன்ஸ் (பற்றும் வரவும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் பட்டியல்) போடும்போது வேண்டுமென்றே ஒரு தொகையைப் பற்றுப் பக்கத்தில் போடாமல் வரவுப் பக்கத்தில் போட்டேன். கூட்டல் பொருந்தவில்லை. பொருந்தாத கூட்டலை அப்படியே எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாலையில் நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். 32 நோட்டில் ஏழில், ஓரத்தில், பென்சிலால், அழித்துவிடக்கூடிய அளவு மெல்லியதாக, சரியான விடை இருந்தது. தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. எனக்குப் பாடம் நடத்த வந்த இடத்தில் கிடைத்த பெரிய பாடம் அந்த ஏழு நோட்டுகள்தான். இரண்டாம் பருவத்தில் அதே மாதிரி ஒரு தப்பை எழுதியபோது, முதல் நாள் வாயை மறைத்துக்கொண்டு நின்ற பெண் கை தூக்கி, "மேடம், நாலாவது வரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கையேட்டில் தலைமைப் பண்பு என்று போடுகிறார்களே, முதலாமாண்டில் அது இந்த அளவில்தான் இருக்கும். அவர்கள் மொழியான கின்யர்வாண்டாவில் இதற்கு 'க்விதின்யுகா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தன்னைக் கண்டு தானே கொள்ளும் அச்சத்தைக் கழற்றிப்போடுவது என்று பொருள். பெண்கள் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் சொல்.

வாய் திறக்காததற்கு மொழியும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2008 வரை அங்கே மேல்வகுப்புகள் பெரும்பாலும் பிரெஞ்சில் நடந்தன. அந்த ஆண்டு அரசு ஆங்கிலத்துக்கு மாறுவதாக முடிவெடுத்தது; பிரெஞ்சில் படித்துவந்த ஆசிரியர்களே அடுத்த ஆண்டுகளில் ஆங்கிலத்தில் நடத்த வேண்டியதாயிற்று. என் முதல் அணி மாணவிகள் அந்த மாற்றத்தின் நடுவே பள்ளிக்குப் போனவர்கள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரியில் போய் உட்கார்ந்தவர்களுக்கு அந்த முதல் பருவம் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கணக்கு தெரிந்தவளுக்கும் கேள்வி புரியாது. அதனால்தான் கொஞ்சம் யோசித்து நடத்தப்படும் கல்லூரிகள் பட்டயப் பாடத்துக்கு முன்னால் ஆங்கிலம், கணினி, கணக்கு என்று அடித்தளப் படிப்பு ஒன்றை வைக்கின்றன. கிகாலியில் 2010-இல் 50 மாணவிகளோடு தொடங்கிய அகிலா பெண்கள் கல்லூரி அப்படித்தான் செய்தது. பிறகு விருந்தோம்பல், தொழில்முனைவு, தகவல் தொழில்நுட்பம் என்று பட்டயப் படிப்புகள். விருந்தோம்பல் முடித்த மாணவிகள் சிலரை மேரியட் ஓட்டல் நிறுவனம் தன் துபாய் ஓட்டலுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுத்தது. அந்தக் கல்லூரி பின்னர் டேவிஸ் கல்லூரி என்ற பெயருக்குள் வந்தது. நான் அங்கே வேலை பார்க்கவில்லை, ஆனால் அதன் பாணியை நகரத்தில் பல கல்லூரிகள் பின்பற்றின.

தலைமையைச் சொல்லித்தர முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தலைமை என்று பெயரிட்ட பாடவேளைகளில், பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி, குழுவாக உட்கார்ந்து சுவரொட்டி எழுதவைத்து, சான்றிதழ் கொடுப்பது நடக்கும். அதனால் பெரிய பயன் இருந்ததாக நான் பார்க்கவில்லை. பொறுப்பைக் கையில் கொடுத்த இடங்களில் பயன் இருந்தது. ருவாண்டாவில் 'இகிமினா' என்று ஒரு ஏற்பாடு உண்டு, நம் ஊர்ச் சீட்டுக்கும் மகளிர் குழுச் சேமிப்புக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். மாணவிகளே விடுதியில் ஒன்று நடத்தினார்கள். வாரம் ஒரு சிறு தொகை. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று. பொருளாளர் பருவத்துக்கு ஒருமுறை மாறுவார். கடன் கேட்டு வந்த நெருங்கிய தோழியிடம், "போன தவணையை இன்னும் கட்டவில்லையே, இந்த வாரம் தர முடியாது" என்று ஒரு பொருளாளர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டாள். அன்றிரவு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் தோழி பணத்தைக் கட்டினாள். இதைக் கற்றுக்கொடுக்கும் பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

இதையே நூறாண்டுக்கு முன்பிருந்து செய்து வந்த குடும்பம் ஒன்று சூடானில் இருக்கிறது. 1907-இல் ருஃபா என்ற ஊரில் பாபிகர் பத்ரி என்பவர் தன் சொந்த மகள்கள் ஒன்பது பேரையும் அண்டை வீட்டுப் பெண்கள் எட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு மண் குடிசையில் பெண் பள்ளி தொடங்கினார். அவர் மகன் யூசுஃப் பத்ரி 1966-இல் ஓம்துர்மானில் 23 மாணவிகளோடு அதைக் கல்லூரியாக்கினார். இன்று அது அஹ்ஃபாத் பெண்கள் பல்கலைக்கழகம். மாணவிகள் கட்டாயம் கிராமத்துக்குப் போய்த் தங்கி, அங்குள்ள பெண்களோடு உடல்நலம், ஊட்டச்சத்து பற்றிப் பேசிப் பழகிவிட்டு வர வேண்டும் என்ற விதி அங்கே உண்டு. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் ஓம்துர்மான் நகரமே போர்க்களமானது. அந்தக் கல்லூரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

பெண்களுக்கென்று தனிக் கல்லூரி எதற்கு என்பதில் எனக்கே முடிவான கருத்து வர நாளாயிற்று. உகாண்டாவின் மகெரேரே பல்கலைக்கழகம் 1922-இல் தொடங்கிய பழைய நிறுவனம். 'நாம் ஆண்களாக இருப்போம்' என்பது அதன் குறிக்கோள் வாசகம். 1945-இல் முதன்முதலாக ஆறு பெண்கள் சேர்ந்ததும் அந்த வாசகத்தை 'எதிர்காலத்துக்காகக் கட்டுகிறோம்' என்று மாற்றினார்கள். வாசகத்தை மாற்றியதோடு பெண்கள் வந்து குவிந்துவிடவில்லை. 1990-இல் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் பெண்களுக்கு 1.5 புள்ளி கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகே எண்ணிக்கை வேகமாக ஏறியது. ஆக, இருபாலர் கல்லூரியிலும் வழி உண்டு. நான் பார்த்தவரை, தனிக் கல்லூரியின் பலன் முதலாமாண்டில் அதிகம். செயலாளர், பொருளாளர், கூட்டத் தலைவர் என்று எல்லா நாற்காலியிலும் பெண்ணே உட்கார வேண்டியிருக்கிறது, குறிப்பெடுக்கும் வேலை மட்டும் பெண்ணுக்கு என்று ஒதுங்க முடியாது. மூன்றாம் ஆண்டில் அதே தனிமை ஒரு குறையாகிவிடுகிறது, ஏனென்றால் அவள் போகப்போகிற அலுவலகம் ஆண்கள் நிறைந்தது. அதனால் கடைசி ஆண்டில் ஆண் மாணவர்கள் இருக்கும் கல்லூரியோடு சேர்ந்து வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இது என் அனுபவத்திலிருந்து சொல்வது. வேறு ஆசிரியர்கள் மறுக்கலாம்.

இனி உறுதியாக நிறுவப்பட்டது எது, நிறுவப்படாதது எது என்று பிரித்துச் சொல்கிறேன். கல்லூரிகள் காட்டும் வெற்றிக் கதைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. சகாராவுக்குத் தெற்கே கல்லூரி வயதில் இருப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் கல்லூரிக்குப் போகிறார்கள், அதிலும் பெண்கள் குறைவு. அத்தனை தடையையும் தாண்டி வாசலுக்கு வந்தவள் ஏற்கெனவே உறுதியானவள். அவள் பின்னால் முன்னேறினால், அது கல்லூரி செய்ததா, அவள் தானாகவே செய்திருப்பாளா என்று பிரிப்பது கடினம். இந்தச் சந்தேகத்தைத் தாண்டிய ஆய்வு ஒன்று கானாவில் நடந்தது. மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோன 2,064 பேரை எடுத்துக்கொண்டு, 2008-இல் அவர்களில் 682 பேருக்குக் குலுக்கல் முறையில் உதவித்தொகை கொடுத்தார்கள். எஸ்தர் டுஃப்லோ, பஸ்கலின் டுபாஸ், மைக்கேல் கிரெமர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் இந்த இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குலுக்கல் என்பதால் இரு பக்கமும் ஒரே மாதிரியானவர்கள். உதவி பெற்ற பெண்கள் பள்ளியை முடித்தது அதிகம், குழந்தை பெறுவதைத் தள்ளிப்போட்டது அதிகம், கல்லூரிக்குப் போனதும் அதிகம். பணம் மட்டுமே தடையாக நின்ற இடத்தில் பணம் கொடுத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை திசை மாறும் என்பதை இதை வைத்து நான் தைரியமாகச் சொல்வேன். தலைமைப் பயிற்சி என்ற தனிப் பாடத்துக்கு இந்த அளவு வலுவான சான்றை நான் பார்த்ததில்லை.

வேலை கிடைக்குமா என்பது இதைவிடக் கலங்கலான விஷயம். கிகாலியில் ஓட்டல் விடுதிகளும் வங்கிகளும் பெருகியிருக்கின்றன, 2016-இல் பெரிய மாநாட்டு மையம் திறந்தார்கள். ஆனாலும் சம்பள வேலை அங்கே குறைவு, படித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. பயிற்சிக் காலம்தான் வாசல். அங்கேதான் பெண்கள் சறுக்குவதையும் பார்த்தேன். என் மாணவி ஒருத்தி நல்ல விடுதியில் வரவேற்பு மேசையில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். மாலை வேலை இரவு பத்தரைக்கு முடியும். அந்த நேரத்தில் அவள் பகுதிக்குப் பேருந்து கிடையாது. 'மோட்டோ' என்கிற வாடகை பைக்கில், ஓட்டுநர் நீட்டும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மலைச்சரிவில் போக வேண்டும். பயிற்சிக்குக் கொடுத்த சிறு தொகை முழுக்க அந்தச் சவாரிக்கே போனது. நாலாவது வாரம் நின்றுவிட்டாள். விடுதி தன் பதிவேட்டில் 'ஆர்வம் இல்லை' என்று எழுதியது. கல்லூரியும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. நான் விசாரிக்கத் தாமதித்தேன், இன்றும் அது உறுத்துகிறது.

இதிலிருந்து உங்கள் பணத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் கல்விக் கட்டணத்தைக் கட்டுவதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். என் வகுப்பிலிருந்து பாதியில் போனவர்களில் கட்டணம் காரணமாகப் போனவர்கள் குறைவு. தம்பியின் பள்ளிக் கட்டணத்துக்குத் தன் சாப்பாட்டுப் பணத்தை மொபைல் மணியில் ஊருக்கு அனுப்பிவிட்டுப் பட்டினியோடு வகுப்பில் உட்கார்ந்தவளைப் பார்த்திருக்கிறேன். கணினி இல்லாமல் நூலகம் மூடும் வரை வரிசையில் காத்திருந்து, அரைகுறையாக வேலையைச் சமர்ப்பித்தவளைப் பார்த்திருக்கிறேன். நாப்கின் வாங்கக் காசில்லாமல் மாதம் மூன்று நாள் விடுப்பு எடுத்தவர்களும் உண்டு. 2019 கடைசியில் அரசு அதன் மீதான மதிப்புக்கூட்டு வரியை நீக்கியது, ஆனாலும் விலை கொடுக்க ஒரு தொகை கையில் இருக்க வேண்டுமே. ஆகவே சாப்பாடு, போக்குவரத்து, கணினி, இணையம், பயிற்சிக் காலச் செலவு ஆகியவற்றைக் கட்டணத்துக்குச் சமமான முக்கியத்துவத்தோடு கணக்கில் சேருங்கள். மொத்தத் தொகை கூடினால், இரண்டு பெண்களுக்குக் கட்டணம் மட்டும் கட்டுவதைவிட ஒரு பெண்ணுக்கு எல்லாவற்றையும் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை என்றுதான் அவர்கள் முதலில் சொல்வார்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். வேலை என்று எதை எண்ணுகிறார்கள், சம்பளமில்லாத பயிற்சியும் அதில் சேருமா என்று கேளுங்கள். கர்ப்பமான மாணவி திரும்பி வந்து படிக்க வழி உண்டா என்றும் கேளுங்கள். அதற்கு வரும் பதில் எந்தக் கையேட்டையும்விட அந்த இடத்தைப் பற்றி அதிகம் சொல்லும். படித்து முடித்த மூத்த மாணவிகள் புதியவர்களோடு தொடர்பில் இருக்கிறார்களா என்பதும் முக்கியம். 1993-இல் சிம்பாப்வேயில் 32 சிறுமிகளோடு தொடங்கிய, பெண் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் காம்ஃபெட் அமைப்பு, 1998-இலேயே தன் உதவியில் படித்து முடித்த பெண்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தது. அவர்களே பிறகு ஊர்ப் பள்ளிகளுக்குத் திரும்பிப் போய்ச் சிறுமிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். நான்கு ஆண்டுக்கு முன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா சொல்வதை ஒரு முதலாமாண்டு மாணவி கேட்கிற மாதிரி நான் சொல்வதை ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பெண்ணிடம் மாதாமாதம் நன்றிக் கடிதமும் புகைப்படமும் கேட்காதீர்கள். தப்பைத் தப்பு என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கும் நேரத்தில், பணம் கொடுத்தவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுதவும் அவளைப் பழக்க வேண்டாம். பருவத்துக்கு ஒருமுறை மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியே அனுப்பினால் போதும். பணத்தையும் அவள் கணக்குக்கு நேரே அனுப்பாமல் கல்லூரியின் மாணவர் நிதி வழியாக, மாதம் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டோடு அனுப்புங்கள். மொத்தமாகக் கையில் வந்தால் ஊரிலிருந்து வரும் கோரிக்கைகளை மறுக்க அவளால் முடியாது. பன்னிரண்டு பேரில் ஓரிருவர் இடையில் விலகத்தான் செய்வார்கள். அதனால் முதல் ஆண்டே மூன்றாம் ஆண்டுக்கான தொகையில் பாதியாவது சேர்த்துத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதில் பயிற்சிக் காலத்தின் இரவுச் சவாரிக் கூலியையும் மறக்காமல் சேருங்கள்.